அதிதீவிர சிகிச்சைத் தாதியர் பரீட்சை: படுக்கையருகே படிக்கும் பாடம்

எமது குடும்பங்களில் தாதித் தொழிலைத் தெரிந்தெடுத்த பிள்ளைகள் பலர். மூன்று வருடப் பயிற்சியை முடித்து, நியமனம் பெற்று, சில காலம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலுமாகக் கடமை செய்தபின், "இனி அந்தப் பெரிய பரீட்சையையும் எழுதிப் பார்க்கலாமே" என்று எண்ணுகிறவர்கள் அவர்களிடையே உண்டு. அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் தாய் தந்தையருக்காகவும் இந்தக் கட்டுரை எழுதப்படுகின்றது.

பெரிய பரீட்சை என்று இங்கே பலரும் சொல்வது சீ.சீ.ஆர்.என். என்பதையே. அமெரிக்க அதிதீவிர சிகிச்சைத் தாதியர் சங்கத்தின் சான்றிதழ்ப் பரீட்சை இது. 1976 தொடக்கம் நடைபெற்று வருகின்றது. வழக்கமான பாதையில் அமெரிக்கப் பதிவுத் தாதிக்குரிய உரிமம் முதலில் வேண்டும். ஆகவே இங்கிருந்து போகிறவர்கள் என்க்ளெக்ஸ் என்னும் பரீட்சையைத் தாண்டியே இதற்கு வருவர். அதன் மேல், கடும் நோயாளரை நேரடியாகப் பராமரித்த அனுபவம் இரண்டு வருடங்களில் 1750 மணித்தியாலம் கேட்கப்படும். அதில் பாதி கடைசி வருடத்துக்குரியதாக இருக்க வேண்டும். எட்டு மணி நேரக் கடமையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 219 முறை. எனவே கடமைப் பட்டியலின் பிரதிகளை இன்றிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். பிறகு தேடி அலைவது பெரும் தொல்லை.

வினாக்கள் 150, நேரம் மூன்று மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 72 செக்கன். ஐந்தில் நான்கு பங்கு நோயும் சிகிச்சையும் பற்றியது. எஞ்சியது நோயாளரையும் குடும்பத்தையும் நடத்தும் முறை, ஒழுக்கநெறி பற்றியது. இந்தக் கடைசிப் பங்கை இலேசானது என்று நினைத்துப் பலர் புரட்டாமலே விடுகிறார்கள். அது பெரிய தவறு என்பதைப் பின்னர் காட்டுவேன்.

தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மனனம் செய்யத் தொடங்குவது நமது பழைய பள்ளிக்கூடப் பழக்கம். இந்தப் பரீட்சைக்கு அது உதவாது. வினாக்கள் "இது என்ன?" என்று கேட்பதில்லை, "இந்த நோயாளிக்கு முதலில் எதைச் செய்வாய்?" என்றே கேட்கும். ஆகவே நான் சொல்லும் வழி வேறு. ஒரு கொப்பியை எடுங்கள். இன்று நீங்கள் பராமரித்த நோயாளியின் பெயரை எழுதாமல், அவருடைய எண்களை மட்டும் நினைவிலிருந்து எழுதுங்கள். அந்த எண் ஏன் அப்படி வந்தது, அடுத்த மணித்தியாலம் எப்படி மாறும் என்று எழுதியபின் புத்தகத்தைத் திறவுங்கள். தவறியதைச் சிவப்புப் பேனையால் திருத்துங்கள். திருகோணமலை மாவட்டம் தருகின்ற நோயாளரே இதற்குப் போதிய ஆசிரியர்கள்.

டெங்கை எடுத்துக்கொள்வோம். 2017இல் இலங்கை முழுவதிலும் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். அவ்வருடம் மார்ச் மாதமளவில் கிண்ணியா பட்ட பாடு நம்மவர்க்கு மறந்திருக்காது. ஒரு நோயாளியின் குருதி அமுக்கம் காலையில் 110/70. மாலையில் 100/80. சராசரி நாடி அமுக்கத்தைக் கணிக்கும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: மேல் எண்ணோடு கீழ் எண்ணின் இரு மடங்கைக் கூட்டி மூன்றால் பிரிக்க வேண்டும். காலையில் 83, மாலையில் 87. சூத்திரத்தை மட்டும் நம்புகிறவள் "கூடியிருக்கிறது, நல்லது" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். ஆனால் இரு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் 40இலிருந்து 20 மி.மீ. இரசமாகச் சுருங்கிவிட்டது. குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிகின்றது. உடல் குழாய்களை இறுக்கிப் பிடித்துக் கீழ் எண்ணைத் தாங்கி நிற்கின்றது. இதுவே அதிர்ச்சி நிலை. கையைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கும்.

இதற்கு எதிராக, கிருமி குருதியில் பரவிய ஒருவருக்கு 90/40. கணக்குப் போட்டால் 57க்குக் கிட்ட. அங்கே 65 என்பது நாம் எட்ட வேண்டிய எல்லை. உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். ஒரே சூத்திரம் ஓரிடத்தில் எச்சரிக்கின்றது, மற்றோரிடத்தில் ஏமாற்றுகின்றது. ஏன் என்று உங்கள் தோழிக்கு வாய்விட்டு விளக்க முடிந்தால், அந்த அத்தியாயம் உங்களுக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

டெங்கில் இன்னும் ஒரு கணக்கு. கசிவு நடக்கும் ஆபத்துக் காலம் 24 முதல் 48 மணித்தியாலம். இலங்கை வழிகாட்டியின்படி, 50 கிலோ நிறையுள்ள வளர்ந்தவருக்கு அந்தக் காலம் முழுவதற்குமான திரவப் பங்கு 4600 மில்லிலீற்றர்: ஒரு நாள் பராமரிப்புக்கு 2100, அதோடு நிறையின் நூற்றுக்கு ஐந்து பங்கான 2500. வாயால் குடிப்பதும் இதற்குள் அடங்கும். வீட்டிலிருந்து அன்போடு கொண்டுவரும் இளநீரையும் எழுதிவைக்கத் தவறாதீர்கள். சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லிலீற்றர் போனால் போதும். அதிகம் போக வேண்டும் என்று ஊற்றினால், கசிந்த நீர் நெஞ்சறையில் தேங்கி மூச்சை அடைக்கும்.

அடுத்தது குருதி வாயுப் பரிசோதனை. பரீட்சார்த்திகள் அஞ்சுவது இதற்கே. அஞ்ச வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. பீ.எச். 7.35 முதல் 7.45, காபனீரொட்சைட்டு 35 முதல் 45, இருகாபனேற்று 22 முதல் 26. நம் பக்கத்தில் எட்டடி விரியன் என்று சொல்லும் பாம்பு, பாயில் நிலத்திலே படுத்துறங்குபவரை இரவில் தீண்டும். கடிவாய் சரியாகத் தெரியாமலும் போகும். விடியலில் கண்ணிமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சுக் குறைந்து கொண்டு வரப்படுகிறார். பீ.எச். 7.25, காபனீரொட்சைட்டு 60, இருகாபனேற்று 25. அமிலத்தன்மை கூடியிருக்கின்றது, கூட்டியது காபனீரொட்சைட்டே, சிறுநீரகம் ஈடுசெய்ய இன்னும் அவகாசம் கிடைக்கவில்லை. ஆகவே இது புதிதாக வந்த சுவாச வழி அமிலநிலை. ஒட்சிசன் முகமூடி மட்டும் போதாது, நெஞ்சுத் தசைகள் சோர்ந்துவிட்டன. செயற்கைச் சுவாசக் கருவி வேண்டும்.

இனி, இலேசானது என்று ஒதுக்கிய அந்தப் பங்குக்கு வருவோம். இதே நோயாளி சில மணித்தியாலங்களின் பின் கண் திறக்கமாட்டார், பேசமாட்டார், கையைக் கிள்ளினாலும் அசையமாட்டார். 1974இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் இருவர் வகுத்த சுயநினைவு அளவுகோலில் மிகக் குறைந்த மூன்று புள்ளியே கிடைக்கும். கண்மணிகூட விரிந்து ஒளிக்கு அசையாமல் நிற்கலாம். மூளை இறந்துவிட்டது என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தையே கட்டிப்போட்டிருக்கின்றது, மூளை விழித்திருக்கலாம். கட்டிலருகே நின்று மனைவி அழுவதும், "இது தேறாது" என்று யாரோ முணுமுணுப்பதும் அவருக்குக் கேட்கும். சில நாட்களில் எழுந்து வந்து அதைத் திருப்பிச் சொல்லக்கூடியவர் அவர். ஆகவே பெயர் சொல்லி அழைத்து, "ஐயா, இப்போது சளி எடுக்கப் போகிறேன்" என்று அறிவித்துவிட்டுச் செய்ய வேண்டும். தூக்க மருந்தும் வலி மருந்தும் அவருக்குக் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். வினாத்தாளில் இது ஒழுக்கநெறி வினாவாக வரும். வாட்டிலோ ஒரு மனிதனின் நாலைந்து நாள் வேதனை.

அலரி விதை உண்டவரின் இதயத்துடிப்புத் தடை, உப்பு நீரில் மூழ்கியவரின் சுவாசப்பை ஆகியவற்றையும் இதே கொப்பியில் சேர்த்துக்கொள்ளுங்கள். விரிவுக்கு இங்கே இடமில்லை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இரவுக் கடமை முடித்து வந்த பிள்ளை முதலில் உறங்கட்டும். எழுந்தபின் ஒன்றரை மணி நேரம் படித்தால் போதும். உறங்காமல் ஐந்து மணி நேரம் புத்தகத்தைப் பார்ப்பதில் பலனில்லை. பகலில் அவள் படுத்திருப்பதைச் சோம்பல் என்று அயலார் சொன்னால் நீங்கள் பதில் சொல்லுங்கள், அவளை எழுப்பாதீர்கள்.

இறுதியாக ஒரு பயிற்சி வினா. கடலட்டைக்குச் சுழியோடும் இளைஞர் ஒருவர், முப்பது மீற்றர் ஆழத்திலிருந்து விரைவாக மேலெழுந்தார். ஒரு மணித்தியாலத்தின் பின் இரு கால்களும் மரத்து, சிறுநீர் கழிக்க முடியாமல் கொண்டுவரப்பட்டார். குருதி அமுக்கமும் நாடியும் சீராக உள்ளன. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது எது: வலி மருந்து கொடுப்பதா, முள்ளந்தண்டுப் படம் எடுக்க அனுப்புவதா, நூறு வீத ஒட்சிசன் கொடுப்பதா, கண்டிக்கு மாற்ற அம்புலன்ஸ் அழைப்பதா?

விடை ஒட்சிசன். முப்பது மீற்றரில் அழுத்தம் மேலுள்ளதைப் போல் நான்கு மடங்கு. குருதியில் கரைந்த நைதரசன், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததுபோல் குமிழாக வெளிவந்து முண்ணாணைத் தாக்கியிருக்கின்றது. தூய ஒட்சிசன் அந்த நைதரசனை வெளியே இழுக்கும். நோயாளியை மட்டமாகப் படுக்கவைத்து, சேலைன் ஏற்றி, சிறுநீர்க் குழாய் இட்டு, அழுத்த அறைக்கு அனுப்பும் ஏற்பாட்டை வைத்தியரிடம் உடனே கேட்க வேண்டும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். மலை ஏற ஏறக் குமிழ் பருக்கும். அழுத்த அறையோ இங்கேயே, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கின்றது.