எடை குறைந்த தோட்டாவா தூரம் போகும்?

"தோட்டா இலேசாக இருந்தால் வேகமாகக் கிளம்பும், வேகமாகக் கிளம்பினால் தூரம் போகும்." இயற்பியல் வகுப்பிலும் கேட்கிறேன், காணொளிகளிலும் கேட்கிறேன். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அப்பட்டமான தவறு. அது தவறென்று தெரிந்து 100 ஆண்டுகள் ஆகியும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

அமெரிக்க ராணுவத்தின் எம்1906 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 9.7 கிராம், பின்புறம் தட்டை, கிளம்பும் வேகம் நொடிக்குச் சுமார் 820 மீட்டர். 4,300 மீட்டர் போகும் என்று நம்பியிருந்தார்கள். முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டபோது 3,100 மீட்டர் அளவிலேயே விழுந்துவிட்டது. 1920-களில் எம்1 வந்தது. எடை 11.2 கிராம். வேகம் சற்றுக் குறைவு, நொடிக்குச் சுமார் 805 மீட்டர். அது போன தூரமோ ஏறக்குறைய 5,000 மீட்டர். சுடுதளங்களின் பாதுகாப்பு எல்லையே போதாமல், 1930-களின் இறுதியில் ராணுவம் மறுபடி இலேசான தோட்டாவுக்குத் திரும்பியது.

காரணம் காற்று. தோட்டாவின் விட்டமும் வடிவமும் வேகமும் காற்றுத்தடையைத் தீர்மானிக்கின்றன. ஆனால் அந்தத் தடை எவ்வளவு வேகத்தைப் பறிக்கும் என்பது எடையின் கையில் இருக்கிறது. விட்டம் ஒன்றாக இருந்தால், கனமான தோட்டா வேகத்தை எளிதில் இழக்காது. எம்1-க்கு வாலும் குறுகலாக இருந்தது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும்போது முனையின் வடிவம் முக்கியம். வேகம் அதற்குக் கீழே இறங்கியபின், வாலுக்குப் பின்னால் உண்டாகும் குறையழுத்தமே பெரிய முட்டுக்கட்டை. நெடுந்தூரப் பயணத்தில் பெரும்பகுதி நேரம் அந்த மெதுவான கட்டத்தில்தான் கழிகிறது. 'முனை கூராக இருந்தால் போதும்' என்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

இதேபோன்ற வேறு தவறான நம்பிக்கைகளும் உண்டு. தோட்டா சுழன்றபடி பறப்பது அதற்கு வேகம் தருவதில்லை. குப்புறப் புரளாமல் முனையை முன்னே வைத்திருக்கிறது, அவ்வளவே. குழலை விட்டதும் தோட்டா தானாக மேலே எழும்பும் என்பதும் பொய். குழலைத்தான் சற்று மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறோம்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் நம் பாடப்புத்தகக் கணக்குகள்தான் காரணம் என்பேன். 'காற்றுத்தடையைப் புறக்கணிக்கவும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு, எடையோ வடிவமோ இல்லாத சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அந்தச் சூத்திரப்படி எம்1906 ஏறக்குறைய 69 கிலோமீட்டர் பறந்திருக்க வேண்டும்! இந்த விடைக்கு முழு மதிப்பெண்ணும் போடுகிறோம். ஆசிரியர்களே, இரண்டு டேபிள் டென்னிஸ் பந்துகளை எடுங்கள். ஒன்றில் ஊசியால் தண்ணீர் நிரப்பி ஓட்டையை அடையுங்கள். இரண்டையும் மைதானத்தில் மாணவர்களை எறியச் சொல்லுங்கள். சூத்திரத்தை அதற்குப் பிறகு எழுதிப்போடலாம்.