பட்டாசு ஊரில் ஸ்பானிஷ் பாடம்

கேள்வி: மாலையில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். அவர்களுக்கு ஸ்பானிஷ் அறிமுகப்படுத்த ஆசை. இலக்கணத்தில் தொடங்கினால் ஓடிவிடுவார்களே, என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, எம். புதுப்பட்டி

பதில்: இலக்கணம் பிறகு வரட்டும், ஊரிலிருந்தே தொடங்குங்கள். மேசை, அலமாரி இரண்டும் போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. ஸ்பானிஷிலும் அவை 'மேசா', 'அர்மாரியோ'. முதல் நாளே இரண்டு சொல் கைவசம்!

அடுத்து, மெக்சிகோவின் துல்தெபெக்கைக் காட்டுங்கள். சிவகாசி போலவே அதுவும் பட்டாசு ஊர். மார்ச் திருவிழாவில் காகிதக் காளைகள் மேல் வாணம் கட்டித் தெருவில் ஓட்டுவார்கள். பெயர் 'தோரீத்தோ', அதாவது குட்டிக் காளை. பழைய செய்தித்தாளில் பிள்ளைகள் ஒரு காளை செய்யட்டும். வெடி வேண்டாம், கலர் காகிதம் போதும். பசை தடவி ஒட்டும்போதே 'பபெல்' (காகிதம்), 'ரோஹோ' (சிவப்பு), 'அசூல்' (நீலம்) நாக்கில் ஏறிவிடும்.

நம் உறியடிக்கும் அங்கே ஓர் உறவு உண்டு: 'பின்யாத்தா'. கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பால் அடித்தால் மிட்டாய் கொட்டும். கிருஷ்ண ஜெயந்தியன்று உறிப்பானையை அடிக்கும் பிள்ளைக்கு மற்றவர்கள் 'ஊனோ, தோஸ், த்ரேஸ்' என்று எண்ணட்டும்.

விளையாட்டில் வாய்க்கு வந்த சொல் மறக்காது. இந்த வாரமே பசைக் கிண்ணத்தோடு ஆரம்பியுங்கள்.