பொறுமையும் பொறுப்பும்

வெள்ளானூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பி,

காலையில் ஆராதனை முடிந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நீ சொன்னதெல்லாம் மனதைவிட்டுப் போகவில்லை. உன் கையிலிருந்த காபி ஆடை படிந்து ஆறிப்போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எஸ்டேட்டில் நீ சரிசெய்த மெஷினுக்கு சூப்பர்வைசர் வேறொருவர் பெயரை எழுதியதும், கேட்டதற்காக உனக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட் போட்டதும் அநியாயம்தான். ஆனால் என்னை அதிகம் உறுத்தியது உன் கேள்வி: "விசுவாசின்னா வாயை மூடிக்கிட்டுத்தானே சார் இருக்கணும்?"

யாரப்பா சொல்லிக்கொடுத்தார்கள் இதை? யோவான் 18-ஆம் அதிகாரத்தை இன்று இரவு நிதானமாகப் படி. சேவகன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர்தான் அப்படிக் கேட்டார். பிலிப்பியில் விசாரிக்காமலே அடித்துச் சிறையில் போட்டவர்கள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அதிகாரிகளே நேரில் வரட்டும் என்றார் பவுல்.

தமிழிலேயே உன் கேள்விக்கு விடை இருக்கிறது என்று வெகுநாளாகச் சொல்லிவருகிறேன். 'இந்தப் பலகை அவ்வளவு பாரம் பொறுக்காது' என்கிறோம். பொறுத்தல் என்றால் தாங்குதல். அந்த வேரில்தான் பொறுமையும் பிறந்தது, பொறுப்பும் பிறந்தது. பொறுப்பைக் கைகழுவியவனுடைய அமைதி எப்படிப் பொறுமையாகும்? வெளியே வாயை மூடிக்கொண்டு, உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருப்பவனிடம் நீடியபொறுமை இருப்பதாக நான் ஒப்பவே மாட்டேன். அது கசப்பு.

சீகன்பால்குவை நினைத்துப் பார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சிட்டவர் என்று ஒரு வரியில் எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் அவருடைய சிறைவாசம். 1708-இல் தரங்கம்பாடியில் ஒரு கடன் வழக்கில் ஏழைத் தமிழ் விதவைக்காக அவர் திரும்பத் திரும்பப் பரிந்து பேசினார். எரிச்சலடைந்த டேனிஷ் தளபதி ஹாசியஸ் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது, 'எழுத்தில் உத்தரவு கொடுங்கள்' என்று கேட்டார். பிடித்துக்கொண்டுபோய் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு தொடங்கியே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், 1711-இல் முடித்தார், 1715-இல் அது புத்தகமாக வந்தது. விதவைக்காகப் பேசியதும் எழுத்தில் கேட்டதும் பொறுப்பு. மறுபடி உட்கார்ந்து எழுதியது பொறுமை. இரண்டையும் பிரிக்க முடிகிறதா, சொல்.

ஒடுக்கப்பட்டவனைப் பார்த்துப் 'பொறுத்துக்கொள்' என்று உபதேசிப்பது சுலபம். ஒடுக்குகிறவனிடம் போய் அதில் பாதியாவது பேசுகிறார்களா? இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது, இருக்கட்டும்.

நீ செய்யவேண்டியது இது: நடந்ததைத் தேதிவாரியாக எழுதி மேலாளரிடம் கொடு. பதில் வரும்வரை வேலையில் குறை வைக்காதே. அந்த சூப்பர்வைசருடைய பெயரைச் சொல்லி தினமும் ஜெபம் பண்ணு. கஷ்டமானது இதுதான், பொறுமை இங்கேதான் தேவைப்படும். கொடுப்பதற்குமுன் கடிதத்தை என்னிடம் கொண்டுவா. சூடான வார்த்தைகளை நான் அடித்துத் தருகிறேன். உண்மையில் ஒரு எழுத்தையும் தொடமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய தமிழ் ஆசிரியர்.