கோடைக்கு எத்தனை குடம்?



விதைக்கும் வட்டிக்கும் கணக்கு வைத்திருக்கிறோம். வீட்டுத் தண்ணீருக்கு யாராவது வைத்ததுண்டா? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால், சித்திரையில் பெண்கள் இடுப்பில்தான் அந்தக் கஷ்டம் ஏறுகிறது. தை மாதத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கிராமக் குடிநீருக்கு முன்பு அரசாங்கம் வைத்த அளவு, ஆளுக்கு தினம் 40 லிட்டர். குடிக்க 3, சமைக்க 5, குளிக்க 15, பாத்திரமும் வீடும் கழுவ 7, கால் கழுவ, கழிப்பறைக்கு 10. துணி துவைக்கத் தனியாக ஒன்றும் காணோம்! வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாங்க. 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் இது 55 லிட்டர். ஐந்து பேருக்கு 275 லிட்டர்; பதினைந்து லிட்டர் குடத்தில் பதினெட்டுக்கு மேல். பாலைவனப் பகுதிகளுக்கு மாடுகளுக்கென்று 30 லிட்டர் கூடுதலாகச் சேர்த்தார்கள். நம் கறவை மாடும் வெயிலில் குறைவாகவா குடிக்கும்?

உங்க வீட்டுக் கணக்கு இப்படி. குடம் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பாருங்க. ஒரு வாரம், குடத்துக்கு ஒரு கோடாகச் சுவரில் கரியால் போடுங்க. கணவர் தூக்கியதற்கு வேறு பக்கம் கோடு. எந்தப் பக்கம் நீளம் என்று அவரே பார்க்கட்டும். மொத்தத்தை ஏழால் வகுத்தால் ஒரு நாள் தேவை. அதோடு வரப்போவதைக் கூட்டுங்க: சித்திரைக்குள் பிரசவமா? பிள்ளைத் துணிக்கும் தாய்க்கும் தண்ணீர் கூடும். லீவுக்குச் சொந்தக்காரர் வருவார்களா? அப்புறம், போன சித்திரையில் குழாயில் தினம் எத்தனை குடம் கிடைத்தது என்று நினைத்துப் பாருங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கோடையின் பற்றாக்குறை.

பதினைந்து லிட்டர் குடம் பதினைந்து கிலோவுக்கு மேல் கனம். கர்ப்பிணி தூக்க வேண்டாம். கணவர் சைக்கிளில் கட்டிக் கொண்டு வரலாம், வெட்கம் எதுக்கு?

குறைக்க வேண்டி வந்தால் பாத்திரம் அலசிய தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் விடுங்க. மலம் கழித்த பின்னும் சோறு ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவும் தண்ணீரில் கை வைக்காதீங்க. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும். சேர்த்து வைக்கும் தொட்டியை நன்றாக மூடி, வாரம் ஒருமுறை உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்க. டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அந்தக் கரிக்கோட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதி, இருவருமாகக் கொண்டு போய் வாசியுங்க.