லைக்கா எம்3: நம்பரை மட்டும் நம்பாதே, லீவரை எண்ணு!

லைக்கா என்றதும் நம்மில் பாதி பேருக்கு ஞாபகம் வருவது சினிமா தயாரிப்பு கம்பெனிதான். இது அந்த லைக்கா இல்லை மக்களே. ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் ஏர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் செய்த கேமரா. லைட்ஸ், கேமரா இரண்டு சொல்லையும் ஒட்டித்தான் லைக்கா என்ற பேரே வந்தது.

அந்த நிறுவனம் 1954-இல் கொலோன் நகரத்து ஃபோட்டோகினா கண்காட்சியில் எம்3 என்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை இறக்கியது. 1966 வரை உற்பத்தி நடந்தது. மொத்தம் 2,20,000-க்கும் மேல். இந்த 12 வருஷமும் பெயர் ஒன்றுதான், தூரத்தில் நின்று பார்த்தால் உருவமும் ஒன்றுதான். ஆனால் உள்ளேயும் வெளியேயும் சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்துகொண்டே இருந்தன. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது புதுசு இல்லை. இன்டஸ்ட்ரியல் விசிட் போன இடத்தில் "இந்த சீரியல் நம்பரிலிருந்து புது பார்ட்" என்று போர்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. எம்3-யின் கதை முழுக்க அதுதான். எந்த நம்பரில் எந்த பார்ட் மாறியது என்று தெரிந்தால், கையில் இருக்கும் கேமரா ஆரம்ப காலத்ததா, இடைக்காலத்ததா, யாராவது கை வைத்ததா என்று நீங்களே படித்துவிடலாம்.

கை வைப்பது என்றால் திருட்டு வேலை மட்டும் இல்லை. பழைய எம்3-யை சர்வீஸுக்கு அனுப்பினால் லைட்ஸே புது மாடலின் வசதிகளைப் பொருத்திக் கொடுத்தது உண்டு. பயன்படுத்துகிற ஆளுக்கு அது நல்ல விஷயம். ஆனால் சேகரிக்கிறவருக்கு, 1954-இல் அந்த டிசைனர்கள் முதலில் என்ன நினைத்தார்கள் என்று காட்டும் சாட்சி ஒன்று குறைந்துபோகிறது. அதனால்தான் யாரும் தொடாத ஆரம்ப எம்3-க்கு மவுசு அதிகம். மவுசு இருக்கும் இடத்தில் "ஒரிஜினல் சார், ஃபர்ஸ்ட் பேட்ச் சார்" என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள்.

முதலில் ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன என்று ஒரு நிமிஷம். கேமராவின் முன்பக்கம் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு ஜன்னல்கள். ஒன்று நேராகப் பார்க்கும். மற்றொன்றில் வரும் பிம்பத்தை உள்ளிருக்கும் கண்ணாடி, பட்டகங்கள் வழியாக முதல் பிம்பத்தின் மேல் போடுவார்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது இரண்டாவது பிம்பம் நகரும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் சரி. பள்ளிக்கூடத்து முக்கோணவியல்தான், வேறொன்றும் இல்லை. அடித்தளம் நீளமாக இருந்தால் துல்லியம் கூடும். எம்3-இல் அடித்தளம் 68.5 மிமீ, வ்யூஃபைண்டரின் உருப்பெருக்கம் 0.91. பெருக்கிப் பார்த்தால் பயனுள்ள அடித்தளம் சுமார் 62.3 மிமீ. உருப்பெருக்கம் 1-க்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இரண்டு கண்ணையும் திறந்தபடியே படம் எடுக்கலாம். பிறகு வந்த எம்2-வில் இது 0.72-ஆகக் குறைந்தது.

இப்போ கேமராவைக் கையில் எடுப்போம். மேல்தகட்டில், ஃப்ளாஷ் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், நம்பர் பொறித்திருக்கும். எம்3-யின் நம்பர்கள் 700000-இல் தொடங்குகின்றன. இந்த நம்பர்களைத் தொகுதி தொகுதியாக முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே நான் கீழே சொல்லும் எல்லைகளை ஸ்கேல் வைத்து வெட்டிய கோடாக எடுத்துக்காதீங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கொஞ்சம் கலந்துதான் இருக்கும்.

முதல் சோதனை ரொம்ப சுலபம். கேமராவின் முன்முகத்தில் எத்தனை லீவர் என்று எண்ணுங்க. சாதாரண எம்3-இல் மூன்று இருக்கும். செல்ஃப் டைமர் ஒன்று, ஃபிலிமைத் திரும்பச் சுற்ற விடுவிக்கும் சின்ன லீவர் ஒன்று, ஃப்ரேம் தேர்வு லீவர் ஒன்று. இந்த மூன்றாவது லீவர்தான் சாவி. வ்யூஃபைண்டரில் 50 மிமீ லென்ஸுக்கான கோடு எப்போதும் தெரியும். 90 அல்லது 135 மிமீ லென்ஸை மாட்டினால் அதற்கான கோடு தானாக வந்து சேரும். ஃப்ரேம் தேர்வு லீவரைத் தள்ளினால், லென்ஸை மாற்றாமலேயே "90 போட்டால் எவ்வளவு அடங்கும்" என்று பார்த்துக்கொள்ளலாம். முதல் எம்3-களில் இந்த வசதி கிடையாது. 1955-இல், 785801 வாக்கில்தான் வந்தது. ஆகவே அதற்கு முந்தைய நம்பரும், முன்னால் இரண்டே லீவரும் இருந்தால் நல்ல அறிகுறி. முந்தைய நம்பரோடு மூன்று லீவர் இருந்தால், பிறகு யாரோ பொருத்தியிருக்கிறார்கள்.

இரண்டாவது சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏன்னா அதுக்குள்ள ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கு. ஷட்டர் ஸ்பீடு டயலைப் பாருங்க. ஆரம்ப எம்3-இல் 1, 2, 5, 10, 25, 50, 100, 250, 500, 1000 என்று இருக்கும். பிந்தையதில் 1, 2, 4, 8, 15, 30, 60, 125, 250, 500, 1000. 1957-இல், 854001 வாக்கில் இது மாறியது. ஏன் மாற்றினார்கள்? பழைய டயலில் ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போகும் விகிதத்தை எழுதிப் பாருங்க: 2, 2.5, 2, 2.5, 2, 2, 2.5, 2, 2. ஆறு இடத்தில் இரண்டு மடங்கு, மூன்று இடத்தில் இரண்டரை மடங்கு. எல்லாவற்றையும் பெருக்கினால் கச்சிதமாக 1000. மனிதக் கண்ணுக்கு அழகான ரவுண்டு நம்பர்கள்தான். ஆனால் லென்ஸின் அப்பர்ச்சர் ஒரு படி திறந்தால் ஒளி சரியாக இரண்டு மடங்கு ஆகும். அப்பர்ச்சரை ஒரு படி திறந்து, ஷட்டரை ஒரு படி வேகமாக்கினால் ஃபிலிமில் விழும் ஒளி மாறக்கூடாது. பழைய டயலில் 100-இலிருந்து 250-க்குப் போனால் ஈடு சரியாகாது, மூன்றில் ஒரு படி அளவுக்கு ஒளி குறையும். புது டயலில் எல்லாப் படியும் கிட்டத்தட்ட இரண்டு மடங்குதான், அதனால் எங்கே போனாலும் ஈடு பொருந்தும். ஒளிமானியில் எடுத்த அளவை அப்படியே கேமராவில் வைத்து, ஷட்டரும் அப்பர்ச்சரும் ஒன்றையொன்று ஈடுகட்ட நகர்த்தும் பழக்கம் பரவிய காலம் அது. பத்து வேகம் பதினொன்று ஆனதன் காரணம் இதுதான்.

மூன்றாவது சோதனைக்கு அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் உள்ளே ஃபிலிம் இருக்கா என்று பார்த்துவிடுங்க. திரும்பச் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்பினால் இறுக்கம் தெரிந்தால் ஃபிலிம் இருக்கிறது என்று அர்த்தம். தாத்தாவின் கடைசி ரோல் வெளிச்சத்தில் வெந்துபோக வேண்டாம். அடித்தகட்டை எடுத்தபின் பின்பக்கம் ஒரு மடிப்புக் கதவு திறக்கும். ஃபிலிமைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் தகடு அதில்தான் இருக்கும். ஆரம்ப எம்3-களில் அது கண்ணாடி, பிறகு உலோகம். கண்ணாடி உடைந்து உலோகம் மாட்டியதும் சகஜம் என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அடுத்து, வ்யூஃபைண்டர் நடுவில் தெரியும் சின்னப் பிரகாசமான செவ்வகம். அதன் மேல், கீழ் ஓரத்தில் சிறு வெட்டுகள் தெரிந்தால் அது 1958-இல், 915251 வாக்கில் வந்த மாற்றம். எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவாக விழும் என்று மதிப்பிட உதவும் குறிகள் அவை. கண்ணை வைத்துப் பார்த்தாலே போதும்.

எல்லோருக்கும் தெரிந்த சோதனை கடைசியாக. வைண்டிங் லீவரை ஒரு தடவை முழுதாகத் தள்ளுங்க. ஷட்டர் தயாராகவில்லை, இரண்டாவது தடவை தள்ளினால்தான் தயாராகிறது என்றால் அது "டபுள் ஸ்ட்ரோக்". ஒரே தள்ளில் முடிந்தால் "சிங்கிள் ஸ்ட்ரோக்". வேகமாக இழுத்தால் ஃபிலிம் கிழியும், உராய்வில் நிலைமின்சாரப் பொறி ஃபிலிமில் கோடு போடும் என்ற பயத்தில் முதலில் இரண்டாகப் பிரித்தார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். 1958-இல், 919251 வாக்கில் ஒரே தள்ளுக்கு மாறினார்கள். பழையதை சிங்கிள் ஸ்ட்ரோக்காக மாற்றியதும் நிறைய நடந்தது. அதனால் சிங்கிள் ஸ்ட்ரோக் என்ற ஒரே காரணத்துக்காக "இது 1958-க்குப் பிந்தையது" என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும்.

லென்ஸை வைத்து கேமராவின் வயதைச் சொல்லாதீங்க. லென்ஸுக்குத் தனி நம்பர், தனி வாழ்க்கை. எம் பயோனெட் என்பதால் ஒரு நொடியில் கழன்றுவிடும். பழைய திருகு வகை லென்ஸ்கூட இதில் ஏறும். திருகு வகை கேமராவில் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மிமீ, எம்-இல் 27.8 மிமீ. 1 மிமீ தடிமனில் ஒரு வளையம் போட்டால் கணக்கு தீர்ந்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களைக் கைவிடாமல் புது மவுண்டுக்குக் கூட்டிவர அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டுவைத்தார்கள். என்னைக் கேட்டால் எம்3-யின் புத்திசாலித்தனமே இதுதான், ஷட்டரெல்லாம் அப்புறம்.

சரி, மூன்று கேமராக்களை மேசையில் வைக்கிறேன். தீர்ப்பு சொல்லுங்க.

முதல் கேமராவின் நம்பர் 720000-ஐ ஒட்டி. முன்னால் இரண்டே லீவர், பழைய டயல், டபுள் ஸ்ட்ரோக், கண்ணாடித் தகடு, செவ்வகத்தில் வெட்டு இல்லை. மாட்டியிருப்பது மடங்காத, உறுதியான குழல் கொண்ட 50 மிமீ சும்மிக்ரான். உடம்பில் எல்லா சாட்சியும் ஒரே கதை சொல்கிறது, நல்ல ஆரம்ப எம்3. லென்ஸ் மட்டும் ஜோடி இல்லை. அந்த வகை சும்மிக்ரான் 1956-இல்தான் வந்தது. ஆகவே "வாங்கியபோதே இப்படித்தான்" என்று விற்பவர் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கோங்க.

இரண்டாவதன் நம்பர் 750000-ஐ ஒட்டி. மூன்று லீவர், புது டயல், சிங்கிள் ஸ்ட்ரோக். நம்பர் ஆரம்ப காலம், பாகங்கள் பிற்காலம். அகழாய்வில் ஒரு குழிக்குள் கிடைக்கும் பொருள்களில் கடைசிக் காலத்துப் பொருள் எதுவோ, அதற்கு முன்னால் அந்தக் குழி மூடப்பட்டிருக்க முடியாது என்பார்கள். அதே தர்க்கம்தான். சிங்கிள் ஸ்ட்ரோக் 1958-இல் வந்தது என்பதால் இந்த மாற்று வேலை அதற்குப் பிறகுதான் நடந்திருக்க வேண்டும். படம் எடுக்க அருமையான கேமரா. சேகரிப்பாளர் விலை கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். நம்பர் 930000-ஐ ஒட்டி. ஆனால் பழைய டயல், டபுள் ஸ்ட்ரோக், முன்னால் இரண்டே லீவர். பழைய கேமராவுக்குப் புது வசதி போடுவார்கள். புது கேமராவுக்குப் பழைய பாகம் போட்டு யாரும் பின்னோக்கிப் போக மாட்டார்கள். அப்படியானால்? நம்பர் எங்கே பொறித்திருக்கிறது என்று யோசிங்க. மேல்தகட்டில். அந்தத் தகடோ கழற்றி மாட்டக்கூடியது. டயலும் வைண்டிங் இயந்திரமும் உள்சட்டத்தைச் சேர்ந்தவை, முன் லீவர்கள் உடம்பைச் சேர்ந்தவை. கீழே விழுந்து நசுங்கிய ஆரம்ப எம்3 ஒன்றுக்கு, வேறொரு பிற்காலக் கேமராவின் மேல்தகடு வந்து உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு. விளம்பரத்தில் நம்பரை மட்டும் பார்த்தவருக்கு இது 1958-க்குப் பிந்தைய சாதாரண எம்3. லீவரை எண்ணியவருக்கு வேறு கேமரா.

இதே தகடு வேலை எதிர்த்திசையிலும் நடக்கும், அதுதான் ஆபத்து. 1956-இல் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காக சுமார் 400 மட்டும் செய்த எம்பி என்ற மாடலின் பெயரை எம்3, எம்2 உடம்புகளில் பொறித்து விற்கும் போலிகள் சேகரிப்பாளர்களுக்குப் பழகிப்போன தலைவலி. அதனால் ஆன்லைனில் ஏதாவது கண்ணில் பட்டால், பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் நான்கு படம் கேளுங்க: மேல்தகட்டின் நம்பர், டயலின் எண்கள், லென்ஸ் கழற்றிய நேர் முன்முகம், கதவைத் திறந்த உட்பக்கம். கூடவே லீவரைத் தள்ளிக் காட்டும் பத்து விநாடி வீடியோ. நிஜமான ஆள் என்றால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்.