பின்கதவைத் திறந்து பார், தம்பி

நாற்பது வருஷம் திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், சாவு வீட்டில் கடைசிப் படம், எல்லாம் ரோலில்தான். இப்போது கடை மகனிடம். அவன் ஒரே கல்யாணத்தில் மூவாயிரம் படம் எடுக்கிறான். நான் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். கொஞ்ச நாளாகப் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். "தாத்தா, ஃபிலிம் கேமரா வாங்கணும், எது நல்லது?" ஆளுக்கு ஒரு தடவை சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைக்கிறேன். தம்பி என்று எழுதியிருப்பது தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

1. கேமராவுக்கு எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று நான் கேட்பதில்லை. ரோலுக்கு எவ்வளவு என்றுதான் கேட்பேன். ரோல் வாங்க ஒரு காசு, கழுவ ஒரு காசு, ஸ்கேன் போட ஒரு காசு, சென்னைக்கோ புதுச்சேரிக்கோ கூரியர் அனுப்ப ஒரு காசு. முப்பத்தாறு படம் முடிவதற்குள் பர்ஸ் இளைத்துவிடும். கையில் உள்ளதை இரண்டாகப் பிரி. பாதி கேமராவுக்கு, பாதி முதல் பத்து ரோலுக்கு. பத்து ரோல் ஓட்டாதவனுக்கு எந்தக் கேமராவும் ஒன்றுதான்.

எங்கள் காலத்தில் ஊட்டியிலிருந்து 'இந்து' ரோல் வந்தது. அரசாங்கத்தின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கிய கம்பெனி. 1967-ல் உற்பத்திக்கு வந்தது. அதை மூடியாகிவிட்டது. இன்றைக்குக் கோடாக் அமெரிக்காவிலிருந்தும் இல்ஃபோர்டு இங்கிலாந்திலிருந்தும் ஃபோமா செக் நாட்டிலிருந்தும் வர வேண்டும். விலைக்காகக் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றிய ரோலை வாங்கினால், பின்பக்கக் கரிப்பூச்சை எடுத்தார்களா என்று கேட்டுக்கொள். எடுக்காத ரோலைச் சாதாரணக் கலர் மெஷினில் விட்டால் கரி கரைந்து மருந்தையே கெடுத்துவிடும். லேப்காரர் அடுத்த முறை உன்னை வாசலிலேயே நிறுத்துவார்.

2. செல் இல்லாமலும் ஓடுகிற கேமராவாகப் பார். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறதே, மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமை பேசியிருக்கிறான். ஆயிரத்து நானூறு வருஷமாக நிற்கிறது. எதெல்லாம் தேவையில்லை என்று தெரிந்தவன் கட்டியது. கேமராவிலும் அந்தக் கணக்குத்தான்.

பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, எஃப்எம்10 எல்லாம் அந்த ரகம். செல் தீர்ந்தால் மீட்டர் மட்டும் படுக்கும், ஷட்டர் அடித்துக்கொண்டே இருக்கும். கேனான் ஏஇ-1 அழகான கேமரா. ஆறு வோல்ட் செல் செத்தால் மொத்தமும் கல். அந்த செல் செஞ்சி ராஜகிரி உச்சியில் கிடைக்காது. யாஷிகா எலெக்ட்ரோ 35 பாதரச செல்லுக்காகச் செய்தது. அந்த செல்லே இப்போது வருவதில்லை, அடாப்டர் போட்டு ஓட்டுகிறார்கள். மாமா வீட்டில் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள், காசு போட்டு முதல் கேமராவாக வாங்காதே. எஃப்எம்10 பிளாஸ்டிக் உடம்பு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நம் பக்கத்து விஸ்காம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில்தான் கற்றார்கள். அதனால் இன்றும் பீரோக்களிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது.

பரணில் அப்பாவின் ஆக்ஃபா க்ளிக் 3 கிடந்தால் குப்பையில் போடாதே. அதற்கான 120 ரோல் இன்னும் விற்கிறது. பன்னிரண்டு சதுரப் படம் விழும்.

3. பழைய கேமரா பார்க்கப் போனால் விற்கிறவர் டீ வாங்கித் தருவார். நிதானமாகக் குடி. பிறகு ரீவைண்டு கைப்பிடியை லேசாகச் சுற்று. இறுக்கம் தெரிந்தால் உள்ளே யாருடைய ரோலோ இருக்கிறது. திறக்காதே, அவரிடம் சொல். தளர்வாகச் சுற்றினால் பின்கதவைத் திற. கதவோரப் பள்ளத்தில் கருப்பு ஸ்பாஞ்ச் இருக்கும். விரலால் தொட்டுப் பார். தார் மாதிரி ஒட்டினால் வெளிச்சம் கசியும். இது பெரிய குறையில்லை, புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். விலை பேசத்தான் உதவும்.

அடுத்து ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அடித்துக் காது கொடு. 'ஸ்ர்ர்ர்ர்... டக்' என்று ஒரே ஓட்டமாக முடிய வேண்டும். நடுவில் திணறினால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. பிறகு லென்ஸைக் கழற்று, 1/1000-ல் வை, கேமராவின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டிப் பின்னாலிருந்து பார்த்தபடி அடி. முழுச் சட்டமும் ஒருமுறை வெளுத்து மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகவே நின்றால் திரை சரியாக ஓடவில்லை. கடைசியாக, கழற்றிய லென்ஸுக்குப் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார். தூசியா, இருந்துவிட்டுப் போகட்டும். சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக வேர் விட்டிருந்தால் பூஞ்சை. எழுந்து வந்துவிடு, டீக்குக் காசு கொடுத்துவிட்டு.

நான் பர்மா பஜாரில் முதல் கேமரா வாங்கியபோது இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. நல்லதாகவே அமைந்தது. அதிர்ஷ்டத்தை அறிவுரையாகச் சொல்ல முடியாதே.

4. ஒரு லென்ஸ் போதும்: 50 எம்எம், 1.8. கூடுதல் காசு கொடுத்து 1.4 வாங்கினால் முக்கால் ஸ்டாப்தான் லாபம். திருவக்கரைக்குப் போ. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள், நாரும் முடிச்சும் அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. ஐம்பதிலேயே முக்கால் முழம், ஒரு முழம் வரை நெருங்கலாம். மேக்ரோ தேடவே மாட்டாய். செஞ்சிக் கல்யாண மகால் சட்டத்துக்குள் அடங்கவில்லையா, பின்னால் நட. அங்கே இடத்துக்கா பஞ்சம்? கேமராவை அண்ணாந்து பிடித்தால்தான் கட்டடம் மல்லாந்து சாயும்.

ஏற்கெனவே வீட்டில் டிஜிட்டல் நிக்கான் வைத்திருக்கும் பிள்ளைகள் ஒரு தப்புப் பண்ணுகிறார்கள். "லென்ஸ்தான் இருக்கிறதே" என்று எஃப்எம்2 உடம்பை மட்டும் வாங்கி வருகிறார்கள். வாய் ஒன்றுதான், மாட்டும். ஆனால் அவர்களிடம் இருப்பது ஜி லென்ஸ். அதில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது. பழைய உடம்பில் மாட்டினால் மிகச் சின்ன ஓட்டையிலேயே படம் விழும். வளையம் உள்ள டி லென்ஸ் அல்லது பழைய மேனுவல் லென்ஸ் தேடு.

5. சித்திரை பௌர்ணமி நெருங்கினால் விழுப்புரம் லாட்ஜுகளில் அறை கிடைக்காது. கூவாகம் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம் என்றாலும் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகள் நிறையப் பேர் வந்து தங்குவது விழுப்புரத்தில்தான். கூடவே கேமராக்காரர்களும். தாலி அறுத்து அழுகிற காலையில், தூரத்தில் நின்றுகொண்டு நீளக் குழாய் லென்ஸில் முகங்களைப் பிடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுகிறவர் நிமிர்ந்து பார்க்கும்போது இவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஐம்பதோடு போனால் பக்கத்தில் போயாக வேண்டும், பக்கத்தில் போனால் "எடுக்கலாமாக்கா?" என்று கேட்டாக வேண்டும். வேண்டாம் என்றால் வந்துவிட வேண்டும். நான் அங்கே எடுத்ததில் உருப்படியானவை ஐந்தாறு படங்கள். எல்லாமே கேட்டு எடுத்தவை.

நீள லென்ஸைக் கழுவெளிப் பறவைகளுக்கு வைத்துக்கொள். அதற்கும் கடன் வாங்காதே. காட்டு விலங்குகளைக் கருப்பு-வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், வேறு வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தனக்கென்று ஒன்று செய்துகொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேரும் வைத்தார்.

6. மீட்டரை நம்பு, முழுக்க நம்பாதே. ஸ்டுடியோ தொடங்கிய புதிதில் மரக்காணம் உப்பளத்துக்குப் போய் ஒரு முழு ரோல் எடுத்தேன். காலை பத்து மணி வெயில், குவியல் குவியலாக உப்பு, நடுவில் வாரிப் பலகையோடு பெண்கள். ஒவ்வொரு படத்துக்கும் மீட்டர் முள் சொன்னபடியே வைத்தேன். கழுவிப் பார்த்தால் நெகட்டிவ் மெலிந்து கிடந்தது. பிரிண்டில் உப்பு சாம்பலாகவும் பெண்களின் முகம் கரியாகவும் விழுந்தது. மீட்டருக்கு உப்பும் தெரியாது, எருமையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை உப்பளத்தில் அது 16 என்றால் நீ 8 வை. அல்லது உள்ளங்கையை வெயிலில் நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டு. மீட்டரே செத்துப்போன நாளில், 100 ரோலுக்கு உச்சி வெயிலில் 1/125-ம் 16-ம். நம்மூர் வெயில் இந்த ஒரு விஷயத்தில் ஏமாற்றாது.

7. முதல் வருஷம் ஃப்ளாஷ் வேண்டாம். மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சலுக்குப் போனால் 400 ரோலை 1600 என்று வைத்து எடு, கழுவுகிறவரிடம் மறக்காமல் சொல்.

8. மற்ற சாமான்கள். லென்ஸ் ஹூட் முதலில் வாங்கு; நம் வெயிலுக்கு அது குடை. கருப்பு-வெள்ளைக்கு ஒரு மஞ்சள் ஃபில்டர், மேகம் எழுந்து நிற்கும், ஒரு ஸ்டாப் தின்னும். தூசி ஊத ரப்பர் பல்ப். வாயால் ஊதினால் எச்சில்தான் படும். முக்காலி கனமாக இருந்தால் வீட்டிலேயே கிடக்கும், லேசாக இருந்தால் காற்றில் ஆடும். இந்த வழக்கு எனக்கு இன்னும் தீரவில்லை. தொல்லியல் துறை இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி கேட்பார்கள், செஞ்சி உட்பட. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே கூட்டமும் கூடியிருக்கிறது. தோள்வாரை நல்லதாக வாங்கு. ஏழெட்டு ஃபில்டர் அடங்கிய டப்பா விற்பார்கள், வாங்காதே.

9. தோல் உறை பார்க்க லட்சணமாக இருக்கும். ஈரத்தைப் பிடித்துவைத்து லென்ஸுக்குப் பூஞ்சை வளர்ப்பதும் அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் காற்று திண்டிவனம் வரை வரும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நீலம் ரோஸாகிவிட்டால் சட்டியில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்தச் சட்டியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதே. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டை நடந்தது. கத்திரி வெயிலில் பைக் பெட்டிக்குள் ரோல் வைக்காதே. ஃபிரிட்ஜில் வைத்த ரோலை எடுத்த உடனே பிரிக்காதே, வேர்க்கும்.

10. மயிலம் மலைமேல் ஒரு கல்யாணம். மாலை மாற்றியது, தாலி கட்டியது, மெட்டி போட்டது, எல்லாம் எடுத்தேன். கவுண்டர் 36 காட்டியது. இன்னொன்று எடுக்கலாம் என்று அடித்தேன், 37. அடித்தேன், 38. நாற்பதுக்கு வந்தபோது வயிற்றில் புளி கரைத்தது. ரோலின் நாக்கு சுருளில் மாட்டவே இல்லை. உள்ளே ஒரு படமும் விழவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, "சரி, திரும்பக் கட்டச் சொல்லவா முடியும்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. ரோல் மாட்டி ஒவ்வொரு முறை லீவர் இழுக்கும்போதும் இடது பக்க ரீவைண்டு குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார். சுற்றினால் ரோல் நகர்கிறது. இதற்குக் காசில்லை.

11. கருப்பு-வெள்ளையை நீயே கழுவு. ஒரு டேங்க், ஒரு தெர்மாமீட்டர், டி-76, ஹைப்போ, ரோல் ஏற்ற ஒரு கருப்புப் பை. புத்தகத்தில் 20 டிகிரி என்று போட்டிருக்கும். சித்திரையில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் சோறே வடிக்கலாம். ஐஸ் கட்டியை மருந்துக்குள் போடாதே, மருந்துப் பாட்டிலை ஐஸ் தண்ணீரில் நிறுத்து. 24-க்கு வந்தால் போதும். 20-ல் பத்து நிமிஷம் என்றால் 24-ல் ஏழு. ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக வரும். ஹைப்போவும் அலசுகிற தண்ணீரும் அதே சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். காய்கிற வரை அந்த அறையில் ஃபேன் போடாதே, புழுதி ஒட்டும்.

காய்ந்ததும் ஆறு ஆறாக வெட்டி எடுத்துக்கொண்டு வா. செல்போனில் ஸ்கேன் காட்டாதே, நெகட்டிவைக் கொண்டு வா. பத்து மணிக்கு மேல் வா. அதற்கு முன் எங்கள் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் போதாது.