ஃபார்மேட் பண்ணவா என்று கேட்டால்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் "தூக்கிப் போடுங்கோ மாமா" என்கிறார்கள். போட மாட்டேன். பூணூல், சஷ்டியப்தபூர்த்தி, கிரகப்பிரவேசம் என்று இந்த வீதிகளுக்கு நான் பேஜ்மேக்கரில் அடித்துக் கொடுத்த பத்திரிகைகள் அத்தனையும் பழைய தமிழ் ஃபான்ட்டில் இருக்கின்றன. புது லேப்டாப்பில் திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. நீங்களும் இப்படி ஏதோ காரணத்துக்காகத்தான் பழைய மெஷினை வைத்திருப்பீர்கள்.

பெரியப்பாவின் சதாபிஷேகப் படங்கள் பெங்களூரிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வந்தன. செருகியதும், டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, இப்போது செய்யவா என்று கேட்டது எக்ஸ்பி. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. அக்கா பையன் அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்திருந்தான். எக்ஸ்பி 2001-ல் வந்தது, எக்ஸ்ஃபேட் 2006-ல். தனக்குத் தெரியாத முறையில் இருக்கும் டிஸ்க்கை எக்ஸ்பி வெற்று டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் 2009-ல் கொடுத்த கேபி955704 என்ற அப்டேட்டைப் போட்டால் போதும், திறந்துவிடும். சர்வீஸ் பேக் 2 அல்லது 3 இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சி டவுனிலிருந்து வந்த மெக்கானிக்குக்கு இது தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் இல்லை.

"கரப்ட் ஆயிடுச்சு சார். ஃபார்மேட் பண்ணா ஓடும்."

"உள்ளே படம் இருக்கு தம்பி, வேண்டாம்."

"அதெல்லாம் அப்புறம் எடுத்துரலாம் சார்."

சொல்லிக்கொண்டே அழுத்திவிட்டார். பெரியப்பா இன்று இல்லை. அந்தப் படங்களுக்கு வேறு பிரதியும் கிடையாது.

நல்லவேளை, பிழைத்தோம். அவர் செய்தது குவிக் ஃபார்மேட். அதில் ஃபைல்களின் பட்டியல்தான் போகும், படங்கள் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். டிஸ்க்கை உடனே பிடுங்கி, அதன் மேல் எதையும் எழுதவிடாமல், வேறொரு மெஷினில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினோம். மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது, இன்னொரு டிஸ்க் வேண்டும். படங்கள் வந்தன, பெயரும் ஃபோல்டரும் வரவில்லை. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவைத்த தேதி, நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினோம். துண்டு துண்டாகப் பதிந்திருந்த வீடியோக்கள் போனது போனதுதான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றால் முன்பக்க யூஎஸ்பியை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். முன்பக்கத்துக்கு மெல்லிய ஒயரில் மின்சாரம் போகிறது, யூஎஸ்பி 2.0 கொடுப்பதே 500 மில்லிஆம்பியர்தான். கேபிளை மாற்றிப் பாருங்கள். டிரைவ் எழுத்து வராவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்க் கொடுங்கள்.

ஃபார்மேட் செய்யவா என்று மெஷின் கேட்டால் 'நோ' கொடுத்துவிட்டு, அந்த டிஸ்க்கை முதலில் ஒரு புது லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். பார்க்காமலே ஃபார்மேட் என்று பேச்செடுக்கிற மெக்கானிக்குக்கு சர்வீஸ் சார்ஜ் கொடுக்காதீர்கள். நான் கொடுக்கவில்லை.